ஹிட்லர் முன்னால் நீரில் இறங்கிய கப்பல் இப்போது யாரிடம் இருக்கிறது தெரியுமா?

ரேடார், ஜி.பி.எஸ்., டீசல் இன்ஜின் என்று சகலமும் வந்த பிறகும், அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் வருங்கால அதிகாரிகள் கயிறு இழுத்துத்தான் கடலைக் கற்கிறார்கள், தெரியுமா? பாடம் நடத்துவது ‘ஈகிள்’ என்ற பாய்மரக் கப்பல். மூன்று பாய்மரம், 23 பாய், 295 அடி நீளம்!

அது பிறந்த கதைதான் இன்னும் ஆச்சரியம். 1936 ஜூன் 13, ஜெர்மனியின் ஹாம்பர்க். ஹிட்லர் முன்னிலையில் நீரில் இறங்கியபோது அதன் பெயர் ‘ஹோர்ஸ்ட் வெஸ்ஸல்’. நாஜிகள் தியாகியாக்கிக் கொண்டாடிய ஓர் இளைஞனின் பெயர் அது. சூட்டியவர் அவனுடைய அம்மா! அதே கப்பல் கட்டும் தளத்தில் பிறந்த பிஸ்மார்க் போர்க்கப்பலை 1941-லேயே அட்லாண்டிக் விழுங்கிவிட்டது. இந்தப் பயிற்சிக் கப்பலோ பிழைத்துக்கொண்டது.

போர் முடிந்ததும் நஷ்டஈடாக அமெரிக்காவுக்கு வந்தது. 1946 மே 15-ல் பிரேமர்ஹாவெனில் கொடி மாறியது. சரி, ஓட்டுவது யார்? கமாண்டர் கார்டன் மெக்கோவனின் ஆட்களுக்கு இத்தனை பெரிய பாய்மரக் கப்பல் புதிது. பழைய ஜெர்மன் கேப்டன் பெர்த்தோல்ட் ஷ்னிப்பேயும் அவருடைய மாலுமிகளுமே கூட ஏறினார்கள். போன வருஷம்வரை எதிரெதிர் அணியில் இருந்தவர்கள் ஒரே கயிற்றை இழுத்தார்கள்! வழியில் சூறாவளி வேறு. எப்படியோ தப்பி நியூயார்க் வந்து சேர்ந்தார்கள். சினிமாவில் காட்டினால் ‘ரொம்ப ஓவர்’ என்போம்.

அமெரிக்காவுக்கு எதற்கு இந்தப் பாய்மர ஆசை? 1940-ல் ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்தபோது, ‘டான்மார்க்’ என்ற டேனிஷ் பயிற்சிக் கப்பல் அமெரிக்கக் கரையில் இருந்தது. ஊர் திரும்ப வழியில்லை. பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதும், கேப்டன் க்னூட் ஹான்சன் கப்பலை அமெரிக்காவுக்கே கொடுக்க முன்வந்தார். சுமார் 5,000 பேர் அதில் பயிற்சி பெற்றார்கள். ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? 1945-ல் டான்மார்க் வீடு திரும்பியதும் அந்த இடத்துக்கு ஈகிள் வந்தது.

இதில் ஏறினால் உல்லாசப் பயணம் என்று நினைக்காதீர்கள். 200-க்கும் மேற்பட்ட கயிறுகள். ஒவ்வொன்றின் பெயரும் வேலையும் மனப்பாடமாக இருக்க வேண்டும். நடுராத்திரி, மழை, கப்பல் சாய்ந்து ஓடுகிறது, உத்தரவு வருகிறது. கை தானாகச் சரியான கயிற்றுக்குப் போக வேண்டும். பாய் சுருட்டுவது அடுத்த கண்டம். உயரமான மரம் 147 அடி. மேலே ஏறி, பருமல் என்ற குறுக்கு மரத்துக்குக் கீழே தொங்கும் கயிற்றில் கால் ஊன்றி, வயிற்றை மரத்தில் அழுத்திக்கொண்டு, இரண்டு கையாலும் விறைத்த பாயை மடித்து மடித்துக் கட்ட வேண்டும். இடுப்பில் பாதுகாப்புப் பட்டை உண்டுதான். பயத்துக்கு அது தெரியுமா? சுக்கானுக்கு ஒரே தண்டில் மூன்று சக்கரங்கள். கடல் கொந்தளித்தால் ஆறு பேர் சேர்ந்து பிடிக்கிறார்கள்! என் கணக்கில் இந்தச் சக்கரங்களே சரியான வகுப்பறை. தனி ஆள் சாமர்த்தியம் அங்கே செல்லாது.

ஈகிளுக்கு உடன்பிறப்புகளும் உண்டு. ‘கோர்ச் ஃபாக்’கை 1945-ல் ஜெர்மானியர்களே மூழ்கடித்தார்கள். சோவியத் அதை மேலே தூக்கி ‘தவாரிஷ்’ ஆக்கியது. இன்னொன்று அமெரிக்கர் கையில் சிக்கி, பிரேசிலுக்கு வெறும் 5,000 டாலருக்குப் போய், பிறகு போர்ச்சுகலின் ‘சாக்ரெஸ்’ ஆனது. ஒரு முழுக் கப்பல், 5,000 டாலர்!

1976-ல் அமெரிக்கச் சுதந்திரத்தின் 200-வது ஆண்டு விழாவுக்கு இந்த மூன்றும் நியூயார்க்கில் கூடின. பனிப்போர் நடுவே சோவியத் கொடியும் அமெரிக்கக் கொடியும் அடுத்தடுத்து! நம் டான்மார்க்கும் வந்திருந்தது. அந்த விழாவுக்காகத்தான் ஈகிளின் வெள்ளை உடலில் காவல்படையின் சாய்வுப் பட்டை ஏறியது. அழகு கெட்டுப்போகும் என்று பழைய ஆட்கள் முணுமுணுத்தார்கள். இன்று நம் இந்தியக் கடலோரக் காவல்படைக் கப்பல்களிலும் அப்படியொரு சாய்வுப் பட்டை இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா?