தர்மபுரியின் ரோலர் கோஸ்டர்... பரிசல்! - தீம் பார்க்குகளிடமிருந்து ஒகேனக்கல் எதைக் கடன் வாங்கலாம்?

தர்மபுரி பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் சுற்றுலா என்று பேச்சு எடுத்தாலே பிள்ளைகளிடமிருந்து வரும் முதல் கேள்வி, 'வொண்டர்லாவா?' என்பதுதான். ஓசூரைத் தாண்டி, பெங்களூரு நெரிசலையும் தாண்டி, மைசூரு சாலையில் பிடதி அருகே இருக்கிறது அந்தப் பூங்கா. 2005-ல் திறந்தது. விடிவதற்கு முன்பே பேருந்து கிளம்பினால்தான் கேட் திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். இரவு திரும்பும்போது பாதிப் பேர் தூங்கி வழிவார்கள். மீதிப் பேர் எந்த ரைடில் யார் அலறினார்கள் என்று கதை பேசிக்கொண்டே வருவார்கள்.

இப்போது கிழக்குத் திசையிலும் ஒரு ஆசை முளைத்திருக்கிறது. 2025 டிசம்பரில், சென்னைக்கு அருகே திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் அதே நிறுவனம் புதிய பூங்காவைத் திறந்தது. 64.30 ஏக்கர், 611 கோடி ரூபாய் முதலீடு, 43 ரைடுகள். அதில் எல்லோரும் பேசுவது 'தஞ்சோரா' என்ற ரோலர் கோஸ்டரைப் பற்றித்தான். வழக்கமான கோஸ்டரில் பெட்டி தண்டவாளத்தின் மேல் ஓடும். இதில் தண்டவாளம் தலைக்கு மேலே இருக்கும், இருக்கை அதிலிருந்து தொங்கும், கால்கள் அந்தரத்தில் ஆடும். சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மபிலார்ட் நிறுவனம் தயாரித்த இந்த வகை கோஸ்டர் இந்தியாவுக்கு வந்தது இதுவே முதல் முறை.

திறப்பின்போது டிக்கெட் 1,489 ரூபாயிலிருந்து தொடங்கியது. நான்கு பேர் குடும்பத்துக்கு நுழைவு மட்டுமே ஆறாயிரத்தைத் தொட்டுவிடும். தர்மபுரியிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் பயணச் செலவு, ராத்திரி தங்கல், சாப்பாடு எல்லாம் தனி.

இத்தனைக்கும் தர்மபுரியிலிருந்து 46 கிலோமீட்டரில், மின்சாரமே வேண்டாத ஒரு 'ரைடு' தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒகேனக்கல் பரிசல்!

சுற்றி விட்டால் தெரியும்!

மூங்கில் பிளாச்சுகளைக் கூடை போலப் பின்னி, அடியில் விரிப்புப் போர்த்தி, தார் பூசிய வட்டத் தோணி. அந்தக் காலத்தில் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் சாக்கு விரிப்புக்கு மாறிவிட்டது. முன்பக்கம், பின்பக்கம் என்று எதுவும் இல்லாததால் எந்தத் திசையிலும் போகும். நின்ற இடத்திலேயே சுழலவும் செய்யும். பாறைச் சுவர்களுக்கு நடுவே, கொத்திக்கல், மெயின் அருவி, மணல்மேடு என்று போகும் பாதையில், தண்ணீர் அமைதியாக இருக்கும் இடமாகப் பார்த்து பரிசல் ஓட்டி துடுப்பை ஒரு இழு இழுப்பார். அவ்வளவுதான். பாறை, வானம், எதிரில் உட்கார்ந்திருக்கும் மச்சான் முகம் எல்லாம் ஒன்றாகக் கரைந்து ஓடும்.

பரிசல் நின்ற பிறகும் உலகம் சுற்றுவதற்குக் காரணம் காதுக்குள் இருக்கிறது. உட்காதில் உள்ள அரைவட்டக் குழாய்களில் இருக்கும் திரவம் உடம்போடு சேர்ந்து சுழலும். உடம்பு நின்றுவிட்டாலும் திரவம் உடனே நிற்காது. 'இன்னும் சுற்றுகிறோம்' என்று அது மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கண்ணோ 'நின்றாகிவிட்டது' என்கிறது. இந்தச் சண்டையில்தான் தலை கிறுகிறுக்கிறது; சிலருக்குச் சாப்பிட்ட மீன் வறுவல் வெளியே வருகிறது.

ரோலர் கோஸ்டர் தருகிற பயம் வேறு மாதிரி. முதல் ஏற்றத்தில் 'கடகட' என்று ஒரு சத்தம் கேட்குமே, பலர் அதைச் சங்கிலி இழுபடும் சத்தம் என்று நினைத்து மிரள்வார்கள். உண்மையில் அது பல பெட்டிகளில் உள்ள பாதுகாப்புக் கொக்கி, பல்வரிசையின் ஒவ்வொரு பல்லிலும் விழுந்து ஏறும் சத்தம். சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் சரியாமல் இருக்க அந்த ஏற்பாடு. உச்சியைத் தாண்டிய பிறகு பெரும்பாலான கோஸ்டர்களில் இழுக்க எந்த இன்ஜினும் கிடையாது. மேலே ஏற்றிய உயரம்தான் பெட்ரோல். இறக்கத்தில் இருக்கையும் உடம்பும் சேர்ந்து விழுவதால், உட்கார்ந்திருக்கிற அழுத்தம் ஒரு நொடி காணாமல் போகும். வயிற்றில் பட்டாம்பூச்சி பறப்பது அப்போதுதான்.

முதல் வரிசைக்கு முண்டியடிக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: காட்சிக்குத்தான் முதல் வரிசை. உச்சியில் தூக்கி எறிகிற சுகம் வேண்டுமென்றால் கடைசி வரிசை. முன்பெட்டிகள் இறங்க ஆரம்பித்து, கடைசிப் பெட்டியை வேகமாக உச்சிக்கு மேல் இழுத்துவிடும்.

இன்னொன்று. வாசலில் உயரம் அளக்கும் பலகையைப் பார்த்ததும், பிள்ளையைக் குதிகாலைத் தூக்கி நிற்கச் சொல்கிற பெற்றோர் எல்லாப் பூங்காவிலும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். இடுப்பைப் பிடிக்கும் கம்பி அந்த உயரத்துக்குக் குறைந்த உடம்பை முழுசாகப் பிடிக்காது. கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், கழுத்து, முதுகு வலிக்காரர்கள் கீழேயே நின்று கையசைப்பது நல்லது.

கேட் திறக்கும் முன்...

பார்வையாளர்கள் பார்ப்பது பத்து மணிக்குப் பிறகான பூங்காவை. அதற்கு முன் நடக்கிற வேலைதான் ஒரு தீம் பார்க்கின் உயிர்.

விடிந்ததும் பராமரிப்பு ஊழியர்கள் தண்டவாளத்தின் ஓரமாக நடக்க ஆரம்பிப்பார்கள். ஒவ்வொரு போல்ட்டிலும் நட்டையும் இரும்பையும் சேர்த்து பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்திருக்கும். போல்ட் இம்மி அளவு தளர்ந்தாலும் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுக்கும். பெட்டிக்கு அடியில் மூன்று வகைச் சக்கரங்கள்: பாரம் தாங்க மேலே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, வண்டி தண்டவாளத்தை விட்டு எழும்பாமல் கீழிருந்து பிடிக்க ஒன்று. அவற்றின் தேய்மானம், சங்கிலியின் மசகு, பிரேக், சென்சார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இருக்கைக் கம்பிகளைக் கையால் இழுத்துச் சோதிக்க வேண்டும். இயந்திரத்துக்குள் ஆள் இறங்கினால், மெயின் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்வார். அவர் வெளியே வராமல் யாரும் வண்டியைக் கிளப்ப முடியாது. எல்லாம் முடிந்து, காலி வண்டி சில சுற்றுகள் ஓடி, பதிவேட்டில் கையெழுத்து விழுந்த பிறகுதான் முதல் குடும்பம் வரிசைக்கு வரலாம்.

இது போக, குறிப்பிட்ட இடைவெளியில் சக்கர அச்சுகளையும் வெல்டிங் இணைப்புகளையும் காந்தத் துகள், அல்ட்ராசவுண்ட் முறைகளில் சோதிப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்க அதுதான் வழி. கடற்கரையோரப் பூங்கா என்றால் உப்புக் காற்று வேறு. துரு அங்கே லீவு எடுப்பதில்லை.

இந்த வரிசையில் எங்கோ ஒரு கண்ணி விடுபட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2016 மே மாதம் தாம்பரம் அருகே உள்ள கிஷ்கிந்தாவில் ஒரு ரைடின் சோதனை ஓட்டத்தின்போது விபத்து நேர்ந்தது. ஏறியிருந்தவர்கள் பூங்கா ஊழியர்கள். ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். சோதனை ஓட்டத்துக்கு மணல் மூட்டையோ தண்ணீர் நிரப்பிய பொம்மையோ போதும். மனிதர்களை ஏன் உட்கார வைக்க வேண்டும்? 2019 ஜூனில் பூந்தமல்லி பக்கத்து குயின்ஸ்லேண்டில், செங்குத்தாக இறங்கும் ரைடின் கம்பி வடம் அறுந்தது. தரைக்குப் பக்கத்தில் வந்த பிறகு அறுந்ததால் பெரிய ஆபத்து இல்லை. 2025 மே மாதம் ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி. பூங்காவில் 30-க்கும் மேற்பட்டவர்கள் ஒரு ரைடில் அந்தரத்தில் மாட்டிக்கொண்டார்கள். பெண்களும் குழந்தைகளும் பல மணி நேரம் மேலேயே தவித்து, தீயணைப்புத் துறையின் ராட்சத ஏணி வண்டி வந்த பிறகே கீழே வந்தார்கள். அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

புதுசு கட்டுவதா, பழசைக் காப்பதா?

கிஷ்கிந்தாவை 1995-ல் தொடங்கியவர் நவோதயா அப்பச்சன். இந்தியாவின் முதல் 3டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' எடுத்த அதே தயாரிப்பாளர். 90-களில் பள்ளி படித்த வட தமிழகப் பிள்ளைகளின் ஆல்பத்தில் அந்தப் பூங்காவின் ஒரு போட்டோவாவது இருக்கும். ஆனால், தீம் பார்க் தொழிலில் வயது ஒரு சாபம். ஒருமுறை வந்தவரை மறுபடி வரவைக்கப் புதிய ரைடு வேண்டும். புதிய ரைடுக்கு விளம்பரம் செய்யலாம், ரிப்பன் வெட்டலாம். பேரிங் மாற்றியதற்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்? பணம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

டெல்லியின் அப்பு கர் 1984-ல் திறந்து, ஒரு தலைமுறைக்கே ராட்டினம் காட்டிவிட்டு 2008-ல் மூடப்பட்டது. நகரின் நடுவில் இருந்த அந்த இடம் வேறு தேவைகளுக்குப் போனது.

இதற்கு நேர்மாறான ஒரு கதை அமெரிக்காவில் இருக்கிறது. பென்சில்வேனியா மாகாணத்தின் அல்டூனா நகரில் 'லீப் த டிப்ஸ்' என்று ஒரு மர ரோலர் கோஸ்டர். 1902-ல் கட்டியது. பாழடைந்து 1985-ல் நின்றுபோனது. இடித்துவிட்டு வேறு ஏதாவது கட்டியிருக்கலாம். ஊர்க்காரர்கள் விடவில்லை. நிதி திரட்டி, உளுத்த மரங்களை மாற்றி, 1999-ல் மறுபடி ஓட விட்டார்கள். உலகில் இன்றும் எஞ்சி நிற்கும் மிகப் பழைய கோஸ்டர் அதுதான். வேகம் என்னவோ நம் ஊர் டவுன் பஸ்ஸைவிடக் குறைவுதான். இருந்தும் அதில் ஏறுவதற்காகவே ஊர் விட்டு ஊர் வந்தார்கள்.

ஒகேனக்கல்லுக்கு என்ன வேண்டும்?

இனி காவிரிக் கரைக்குத் திரும்பலாம். 2015 ஏப்ரலில் ஒகேனக்கல்லில் பரிசல் கவிழ்ந்து, சென்னையிலிருந்து வந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 6 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் லைஃப் ஜாக்கெட், பரிசலுக்கு இத்தனை பேர் என்ற கட்டுப்பாடெல்லாம் கறாரானது. ஆறு பேர் போன பிறகு வந்த கறார்.

இங்கே இயந்திரத்தை இயக்குகிறவர் யார் என்றால், காவிரிதான். கர்நாடகாவின் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளில் மதகு திறந்தால், அந்தத் தண்ணீரை மத்திய நீர்வள ஆணையம் பிலிகுண்டுலுவில் அளக்கிறது. வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளிக்கவும் தடை போடும். 2024 ஜூலை இறுதியில் நீர்வரத்து ஒன்றரை லட்சம் கன அடியைத் தாண்டியது. ஐந்தருவியும் சினி ஃபால்ஸும் அடையாளம் தெரியாமல் ஒரே வெள்ளக்காடு. அந்த நாள்களில் பரிசல் ஓட்டிகளுக்கும் எண்ணெய் மசாஜ் செய்பவர்களுக்கும் மீன் வறுத்து விற்கும் பெண்களுக்கும் வருமானம் பூஜ்ஜியம். தீம் பார்க்கில் ரைடு நின்றாலும் ஊழியருக்கு மாதச் சம்பளம் உண்டு. இவர்களுக்கு அது இல்லை. தடை நாள்களுக்கு ஒரு நிவாரணத் தொகை என்று ஒன்று இருந்தால், 'தண்ணி கொஞ்சம்தானே கூட' என்று யாரும் துணிந்து பரிசலை இறக்க வேண்டிய நெருக்கடி வராது. பாதுகாப்புக்கான முதல் செலவாக இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஒகேனக்கல்லை மேம்படுத்த 17.57 கோடி ரூபாய் திட்டத்தை அரசு கையில் எடுத்தது. கட்டடங்கள் தேவைதான், மறுப்பதற்கில்லை. அதோடு, பூங்காக்களின் அந்தக் காலை நேர வேலையையும் இங்கே கொண்டுவரலாம். ஒவ்வொரு பரிசலுக்கும் ஒரு எண், ஒரு பதிவேடு. பிளாச்சு உடைந்திருக்கிறதா, தார் விட்டிருக்கிறதா என்று துறையில் இறக்கும் முன் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட எத்தனை நிமிடம் ஆகும்? பெரியவர்களின் லைஃப் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டினால் தண்ணீரில் அது தலைக்கு மேல் கழன்றுவிடும். எனவே, குழந்தை அளவில் தனியாக வேண்டும். அந்தந்த நாளின் நீர்வரத்தையும் பரிசல் உண்டா, இல்லையா என்பதையும் தர்மபுரி, பென்னாகரம் பேருந்து நிலையங்களிலேயே பெரிய பலகையில் எழுதிப் போட்டால், சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் கடைசி வளைவு வரை வந்து ஏமாற மாட்டார்கள். ஈரத் துணியோடு சேலையை மறைப்பாகப் பிடித்து உடை மாற்றும் பெண்களுக்குப் போதுமான அறைகள், தினமும் கழுவப்படும் கழிவறைகள், ஆற்றில் மிதக்கும் ஷாம்பு பாக்கெட்டுகளை அள்ள ஆள்கள். இதெல்லாம் போட்டோவுக்கு எடுப்பாக இருக்காது. ஆனால், குடும்பத்தோடு வருகிறவர் மறுபடி வருவாரா என்பதைத் தீர்மானிப்பது இவைதான்.

'ஒகேனக்கல்லிலேயே ஒரு ரோலர் கோஸ்டர் கட்டினால் என்ன?' என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் 686.406 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022-ல் காவிரி தெற்கு வன உயிரின சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. பென்னாகரம் சாலையில் கோடையில் யானைகள் தண்ணீர் தேடிக் குறுக்கே கடக்கும். அந்த மண்ணில் இரும்புச் சத்தமும் ஸ்பீக்கரும் வேண்டவே வேண்டாம். வேண்டுமானால் நெடுஞ்சாலைப் பக்கம் எங்காவது பார்க்கலாம்.

இந்த விடுமுறைக்கு ஒகேனக்கல் திட்டம் இருந்தால், கிளம்புவதற்கு முந்தின நாளும் கிளம்பும் காலையும் பிலிகுண்டுலு நீர்வரத்துச் செய்தியைப் பார்த்துவிடுங்கள். ஆடிப்பெருக்கு சமயத்தில் கூட்டமும் தண்ணீரும் சேர்ந்தே வரும். பரிசலில் ஏறும் முன் ஜாக்கெட்டின் எல்லா வாரையும் பூட்டி, குழந்தையின் தோள்பட்டையில் பிடித்து மேலே ஒரு முறை தூக்கிப் பாருங்கள்; முகவாய்க்கு மேல் நழுவினால் வேறு கேளுங்கள். எழுந்து நின்று செல்ஃபி எடுக்க வேண்டாம். சுற்றச் சொல்வதாக இருந்தால் சாப்பாட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். தடை போட்டிருந்தால் பேரம் பேசாமல் கரையேறிவிடுங்கள். முதலைப் பண்ணை திறந்திருக்கும், மீன் குழம்பும் சூடாக இருக்கும்.