அலமாரிக்குள் ஒரு கொலுப்படி

"பெருங்காயம் எங்கே?"

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது எழுந்த கேள்வி இது. பெருங்காயம் இல்லாவிட்டால் வெந்தயம். வெந்தயம் இல்லாவிட்டால் ஏலக்காய். எல்லாம் அலமாரிக்குள்தான் இருந்தன. ஆனால் ஒன்றின் பின்னால் ஒன்றாக நான்கு வரிசை. முன் வரிசை மட்டும் கண்ணில் படும். மற்ற மூன்றும் இருட்டுக்குள் தவம் செய்யும். தேடி அலுத்து, கடைக்குப் போய் இன்னொரு டப்பா வாங்கி வந்த மறுநாள் பழைய டப்பா சாவகாசமாக வெளியே வரும். அந்த வகையில் ஒரு சமயம் எங்கள் வீட்டில் ஓமம் மட்டும் மூன்று பாட்டில் இருந்தது!

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்தது சிரிப்பதற்கில்லை.

என் மாமியார் மைசூர் போண்டாவுக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தார். கண் புரைக்குச் சிகிச்சை ஆன பிறகும் அவருக்குப் பார்வை சற்று மங்கல்தான். அலமாரிக்குள் கையை விட்டுத் துழாவி ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தார். புளித்த தயிரில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினார். ஆப்பசோடாவைப் புளித்த தயிரில் போட்டால் பொங்கி நுரைக்க வேண்டும் அல்லவா? நுரைக்கவில்லை. இன்னொரு சிட்டிகை போட்டார். அப்போதும் சும்மா இருந்தது. அறுபது வருஷம் அடுப்படியில் பழகியவர். உடனே கையை நிறுத்திவிட்டார்.

"இதைக் கொஞ்சம் பாரேன், அம்மா. சோடா மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் பொங்கக் காணோம்!" என்றார்.

பார்த்தேன். எனக்கு உடம்பு வெலவெலத்துவிட்டது. கேரம் பலகைக்கும் கரப்பான் பூச்சிக்குமாக வாங்கி வைத்திருந்த போரிக் பவுடர் அது. வயிற்றுக்குள் போகக் கூடாத வஸ்து. பழைய பாட்டில் ஒன்றில் கொட்டி, பெயர்கூட ஒட்டாமல் அலமாரிக்குள் தள்ளிவைத்தது சாட்சாத் நானேதான்.

தயிரையும் மாவையும் கொட்டிவிட்டோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் மாமியார் அந்த அலமாரியின் பக்கமே போகவில்லை. "நீயே எடுத்துக் கொடுத்துவிடு, அம்மா" என்று வாசற்படியில் நின்றுவிடுவார். சமையலறையே தம் ராஜ்யமாக இருந்தவர் விருந்தாளிபோல் வெளியே நிற்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

கொலு சொன்ன யோசனை

போரிக் பவுடரை அன்றே சமையலறையை விட்டு வெளியேற்றியாயிற்று. அலமாரிக்கு வழி பிறந்தது நவராத்திரியில். பொம்மைகளை அடுக்கி முடித்ததும் மாமியார் கூடத்தின் கோடியில் உட்கார்ந்து பார்த்தார்.

"இங்கிருந்தே மேல்படிக் கலசம் வரையில் எனக்குத் தெரிகிறது. உன் அலமாரியிலே மட்டும் ஏன் எல்லாம் ஒளிந்துகொள்கின்றன?" என்றார்.

நியாயமான கேள்வி! அஞ்சறைப் பெட்டியின் பெருமையும் அதுதானே? மூடியைத் திறந்தால் கடுகும் மிளகும் சீரகமும் ஒரே பார்வையில் தெரிகின்றன. சமதளத்தில் நிற்கும் பாட்டில்களில் முன்னது பின்னதை மறைக்கும். ஒவ்வொரு வரிசையும் மூன்று அங்குலம் உயர்ந்தால் எல்லாத் தலைகளும் தெரியும். ஆகவே, அலமாரிக்குள் வைக்க ஒரு குட்டிக் கொலுப்படி செய்வதென்று தீர்மானித்தோம்.

"ஆசாரியிடம் சொல்லலாமே" என்றார் என் கணவர். சொன்னோம். இவ்வளவு சின்ன வேலைக்கு யார் வருவார்கள்? கடைசியில் அவரும் நானும் எங்கள் பெண்ணுமாக இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து முடித்தோம். தச்சு வேலை தெரியாத எங்களால் முடிந்தது, உங்களாலும் முடியும்.

அளவு எடுக்கும்போது ஜாக்கிரதை!

எங்கள் அலமாரி உள்ளே 30 அங்குல அகலம், 16 அங்குல ஆழம், 15 அங்குல உயரம். நான் உள் அகலத்தை மட்டும் அளந்து, 29 அங்குலத்துக்கு முதல் பலகையை அறுத்துவிட்டேன். அப்புறம்தான் கதவுச் சட்டம் கண்ணில் பட்டது! வாசல் திறப்பு 28 அங்குலந்தான். தனிப் பலகையானால் சாய்த்து நுழைத்துவிடலாம். முழுப் படியாகச் சேர்ந்த பிறகு எப்படி நுழையும்? எனவே உள் அகலத்தை அல்ல, கதவு திறந்தபின் உள்ள திறப்பை அளந்து, அதிலும் ஓர் அங்குலம் குறைத்துக்கொள்ளுங்கள். எங்கள் படியின் நீளம் 27 அங்குலம் ஆனது இப்படித்தான்.

அடுத்தபடியாக, உங்களிடமுள்ள பாட்டில்களில் உயரமானதை அளந்து பாருங்கள். எங்களுடையது 6 அங்குலம். மேல்படியின் உயரமும் 6 அங்குலம். இரண்டும் சேர்ந்து 12. மேலே 3 அங்குலம் மிச்சம். அந்த இடம் இருந்தால்தான் பாட்டிலைத் தூக்கி எடுக்கக் கை போகும்.

அலமாரியின் தரையையே முதல் படியாக வைத்துக்கொண்டோம். அதன் பின்னால் 3 அங்குல உயரத்தில் ஒரு படி, 6 அங்குல உயரத்தில் ஒரு படி. ஆக மொத்தம் மூன்று. கொலுவுக்கு ஒற்றைப்படையில்தானே படி வைப்பது வழக்கம்!

என்ன மரம்?

வீட்டில் பழைய தேக்குப் பலகை இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் 12 மில்லிமீட்டர் கனமுள்ள ஒட்டுப்பலகை, அதாவது பிளைவுட், போதும். ஏறக்குறைய அரை அங்குலக் கனம். சமையலறையில் ஈரமும் ஆவியும் உண்டு. ஆகையால் கடையில் கேட்கும்போது ஐ.எஸ். 303 முத்திரையில் 'பி.டபிள்யூ.ஆர்.' ரகமாகவோ, ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டாகவோ கேளுங்கள். முழுப் பலகை 8 அடிக்கு 4 அடி இருக்கும். அது நமக்கு வேண்டியதில்லை. வெட்டி மீந்த துண்டுகளில் இரண்டரை அடிக்கு இரண்டு அடியில் ஒன்று கிடைத்தால் முழு வேலையும் அதிலேயே முடிந்துவிடும்.

சாமான் வந்த கட்டைப் பெட்டியை உடைத்து உபயோகிக்கலாமா என்று சிக்கனக்காரர்கள் கேட்பார்கள். உபயோகிக்கலாம், ஆனால் முத்திரையைப் பாருங்கள். நாடு விட்டு நாடு போகும் கட்டைப் பெட்டிகளுக்கென்று 2002-இல் ஒரு சர்வதேச விதி வந்தது. அதன்படி 'எச்.டி.' என்ற ஆங்கில எழுத்துக்கள் இருந்தால் சூடு காட்டிப் பூச்சி நீக்கிய மரம். 'எம்.பி.' என்றிருந்தால் மெதில் புரோமைடு என்னும் நச்சுப் புகை காட்டியது. உணவுப் பண்டங்களின் அருகே அது வேண்டாம்.

வெட்ட வேண்டிய துண்டுகள்

படிப் பலகை: 27 அங்குல நீளம், 5 அங்குல அகலம். இரண்டு.

முகப்புப் பலகை: 27 அங்குல நீளம், இரண்டரை அங்குல அகலம். இரண்டு.

தாங்கு பலகை: 9 அங்குல நீளம், ஐந்தரை அங்குல உயரம். மூன்று.

தடுப்புச் சட்டம்: 27 அங்குல நீளம், 1 அங்குல அகலம், கால் அங்குலக் கனம். இரண்டு. மரக்கடையில் 'பீடிங்' என்று கேட்டால் கொடுப்பார்கள்.

தாங்கு பலகை ஒவ்வொன்றிலும் மேல்பக்கத்து மூலை ஒன்றில் நாலரை அங்குல நீளத்துக்கும் மூன்று அங்குல உயரத்துக்கும் ஒரு துண்டை அறுத்து எடுத்துவிடுங்கள். மிச்சம் இருப்பது இரண்டு படி உள்ள மாடிப்படி மாதிரி தெரியும். நடுவில் ஒரு தாங்கு எதற்கென்றால், 27 அங்குலப் பலகை கண்ணாடிப் பாட்டில்களின் பாரத்தில் நாளாவட்டத்தில் தொய்ந்துவிடும்.

எல்லாக் கோடுகளையும் ஒரேயடியாகப் போட்டுவிட்டு அறுக்காதீர்கள். ரம்பமும் கொஞ்சம் மரத்தைத் தின்னும். ஒரு துண்டை அறுத்தபின் அடுத்த கோட்டைப் போடுங்கள். ரம்பம் பிடிக்கப் பயமாக இருந்தால் நேர்த் துண்டுகளை மரக்கடையிலேயே அறுத்து வாங்கிவிடலாம். அறுத்த ஓரங்களையெல்லாம் உப்புத்தாளால் நன்றாகத் தேயுங்கள். கையில் சிலாம்பு ஏறாது.

சேர்க்கும் முறை

ஒவ்வொரு மூட்டிலும் வெள்ளை நிற மரப்பசையைத் தடவி, ஒன்றேகால் அங்குல மெல்லிய ஆணி அடிக்க வேண்டும். பிளைவுட்டின் ஓரத்தில் ஆணியை நேராக அடித்தால் பிளந்துகொள்ளும். ஆணியைவிடச் சன்னமான துளையை முதலில் டிரில்லால் போட்டுக்கொள்ளுங்கள்.

தாங்கு பலகைகளில் இரண்டை இரு கோடியிலும், ஒன்றை நடுவிலும் நிறுத்துங்கள். தாழ்ந்த பக்கம் உங்களைப் பார்த்திருக்கட்டும். முதல் முகப்புப் பலகையை அவற்றின் முன்னால் வைத்து அடியுங்கள். அதன் தலையையும் மூடும்படி முதல் படிப் பலகையை மேலே வையுங்கள். பலகையின் பின் ஓரம் தாங்கின் உயர்ந்த பகுதியில் முட்டி நிற்கும். இரண்டாவது முகப்புப் பலகை அந்தப் படியின் மேல், தாங்கை ஒட்டி நிற்கட்டும். அதற்கு மேல் இரண்டாவது படிப் பலகை. மூலைமட்டம் வைத்துக் கோணல் இருக்கிறதா என்று பாருங்கள். பசை காயுமுன் கோணலைத் திருத்திவிடலாம். காய்ந்த பின் திருத்த முடியாது.

கடைசியாகப் படிகளின் முன் ஓரத்தில் தடுப்புச் சட்டத்தைச் சின்ன ஆணிகளால் அடியுங்கள். பலகைக்கு மேல் அரை அங்குலம் அது எழும்பி நிற்கும். ஈரக் கை பட்டாலும் பாட்டில் வழுக்கி விழாது.

ஒரு நாள் முழுதும் காயவிட்டு, வார்னிஷ் இரண்டு கை பூசுங்கள். முக்கியமாகப் பிளைவுட்டின் அறுத்த ஓரங்களை விட்டுவிடாதீர்கள். ஈரம் நுழைவது அந்த வழியாகத்தான். வாசனை அடியோடு போகும்வரை, குறைந்தது ஒரு வாரம், காற்றோட்டத்தில் வையுங்கள். அவசரப்பட்டால் ரசப்பொடியில் வார்னிஷ் மணக்கும்!

அலமாரியோடு சேர்த்து இதை ஆணியடித்துவிடக் கூடாது. மாதம் ஒரு முறை தூக்கி எடுத்துத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் படிக்கு அடியில் கரப்பான் பூச்சி கொலு வைத்துவிடும்.

எதை எங்கே வைப்பது?

உயரமான பாட்டில்கள் மேல்படியில், குட்டையானவை தரையில். பெயர்ச் சீட்டைப் பாட்டிலின் கழுத்துக்குக் கீழே ஒட்டுங்கள். அடிப்பாகத்தில் ஒட்டினால் முன் வரிசை மறைத்துவிடும். எழுத்து பெரிதாக, கறுப்பு மையில் இருக்கட்டும். பொடி செய்த தேதியையும் போடுங்கள். முழு மிளகையும் தனியாவையும்விட அரைத்த பொடி சீக்கிரம் மணம் இழக்கும் அல்லவா? பழைய பொடி முன்னே, புதியது பின்னே.

அடுப்புக்கு நேர் மேலே உள்ள அலமாரியைப் பொடிகளுக்குத் தவிர்த்துவிடுங்கள். ஆவி பட்டால் கட்டி தட்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பூச்சி மருந்து, போரிக் பவுடர், தரை கழுவும் திரவம் ஆகியவற்றுக்குச் சமையலறை அலமாரியில் எந்தப் படியிலும் இடமில்லை. அவை வந்த டப்பாவிலேயே, வந்த பெயரோடு, வேறு அறையில், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். இதை மறந்தால் எத்தனை படி செய்தும் பிரயோஜனம் இல்லை.

படியை அலமாரிக்குள் வைத்த அன்று மாமியாரைக் கூப்பிட்டேன். கதவைத் திறந்து சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். "பெருங்காயம் நடுப்படியிலே மூன்றாவது. ஆப்பசோடா கீழே கடைசி. இனிமேல் யாரும் இடம் மாற்றக் கூடாது, தெரிந்ததா?" என்றார். ராணியின் உத்தரவு மாதிரி இருந்தது!

அன்று சாயங்காலம் அவரே புளித்த தயிரை எடுத்துவைத்தார். யாரையும் கேட்காமல் கீழ் வரிசைக் கடைசிப் பாட்டிலை எடுத்து ஒரு சிட்டிகை போட்டார்.

தயிர் நுரைத்துப் பொங்கியது.