ஒட்டுப் போர்வைக்கு அடித்துணி: தேர்வும் அளவும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய இப்பகுதிகளில் தையல் தெரிந்த கைகளுக்குக் குறைவில்லை. 1961ஆம் ஆண்டு முதல் ஆவடியில் இராணுவத்திற்கு உடை தைக்கும் தொழிற்சாலை ஒன்று நடந்து வருகிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை ஒட்டி ஆயத்த ஆடை தைக்கும் கம்பெனிகளும் உண்டு. இவற்றில் வேலை பார்த்து விலகிய சகோதரிகள் பலர் வீட்டில் இயந்திரம் வைத்திருக்கின்றனர். வெட்டி மிஞ்சிய துண்டுத் துணிகளும் எடைக்கணக்கில் மலிவாகக் கிடைக்கின்றன. ஆகையால், ஓய்வு நேரத்தில் ஒட்டுப் போர்வை தைத்து விற்கலாமே என்ற எண்ணம் சங்க அங்கத்தினர்களுக்குத் தோன்றுவது இயல்பே.

எண்ணம் நல்லதுதான். ஆனால் இத்தொழிலில் லாபமும் நஷ்டமும் எங்கே இருக்கின்றன என்பதை முதலில் அறிந்து கொள்ள வேண்டும். ஒட்டுப் போர்வை மூன்று அடுக்குகளால் ஆனது. துண்டுகளை இணைத்துத் தைத்த மேல்துணி ஒன்று, நடுவிலே மெல்லிய பஞ்சுப் படலம், கீழே அடித்துணி. மூன்றையும் ஊடுருவ ஓட்டுத் தையல் போட்டு, விளிம்பைப் பட்டித் துணியால் மூடினால் போர்வை முடிந்தது. இம்மூன்றில் மேல்துணிக்கு உழைப்பே மிகுதி, பணச்செலவு சொற்பம். தையற்காரர் லைனிங் என்று சொல்லும் அடித்துணியோ முழுத் துணியாகக் கடையில் ரொக்கம் கொடுத்து வாங்க வேண்டியது. பத்து நாள் உழைத்த மேல்துணிக்கு நான்கு அங்குலம் குறைவான அடித்துணியை வாங்கி வந்து, அதற்கு ஈடான நிறம் மறுபடி கிடைக்காமல், வேலை அப்படியே பெட்டியில் கிடப்பதை எத்தனை வீடுகளில் காண்கிறோம்! மேல்துணியின் அழகைப் பற்றிப் பேசுவோர் அநேகர். அடித்துணியின் கணக்கைப் பற்றிப் பேசுவோர் அரிது. ஆதலின் இக்கட்டுரை அதைப் பற்றியே.

எந்தத் துணி ஏற்றது என்பதை முதலில் பார்ப்போம். பருத்தித் துணியே உத்தமம். நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் வேறெதுவும் உடம்புக்கு இதமாயிராது. பாலியெஸ்டர்ச் சேலை மினுமினுப்பாய் இருப்பதைக் கண்டு மயங்கலாகாது. அது ஊசியின் கீழ் வழுக்கும், வியர்வையை உறிஞ்சாது, இஸ்திரிப் பெட்டியின் சூடு சற்று ஏறினால் சுருங்கி உருகும். பனியன் துணி இழுத்த பக்கமெல்லாம் நீளுமாதலால், அதன்மேல் தைத்த போர்வை ஒரு நாளும் சதுரமாக நில்லாது.

பருத்தியிலும் நெசவின் அடர்த்தியைக் கவனிக்க வேண்டும். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கண்ணுக்குக் கண் வெளிச்சம் தெரியும் மல் துணியானால், சில மாதங்களில் உள்ளிருக்கும் பஞ்சு மெல்ல மெல்ல இழை இழையாக வெளியே தலைகாட்டும். அதற்கு மாறாக, நூல்கள் நெருக்கமாய் அடைந்த கெட்டியான படுக்கை விரிப்புத் துணியானால், கைத்தையல் போடுகிறவருக்கு விரல் நோகும், ஊசியும் முறியும். பாப்ளின், லாங்கிளாத், நடுத்தரக் காடா, 40ஆம் நம்பர் நூலில் நெய்த கைத்தறித் துணி ஆகியவை இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பவை. மேல்துணி எவ்வளவு கனமோ, அடித்துணியும் ஏறக்குறைய அவ்வளவு கனமாயிருந்தால் போர்வை ஒரு பக்கமாகச் சுருண்டு கொள்ளாது.

பஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை. தலையணைக்கு உகந்த இலவம் பஞ்சு போர்வைக்கு உகந்ததன்று. அதன் இழை வழுவழுப்பாய், ஒடியும் தன்மையுள்ளதாய் இருப்பதால், துவைத்தவுடன் மூலையில் திரண்டு விடும். நன்றாகக் கொட்டிய பருத்திப் பஞ்சையே மெல்லியதாகப் பரப்ப வேண்டும். வங்காளத்துப் பெண்கள் பஞ்சே இல்லாமல், பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓட்டுத் தையலிட்டுக் காந்தா என்னும் போர்வையைத் தைக்கிறார்கள். அந்தச் சொல்லும் நாம் வழங்கும் கந்தை என்னும் சொல்லும் ஒரே இனத்தவை. குளிர் அதிகமில்லாத நம் பகுதிக்கு அம்முறையும் பொருத்தமே.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சாயத்தின் உறுதியைச் சோதியாமல் வாங்குவது பெரும் பிழை. 1960ஆம் ஆண்டுகளை ஒட்டி நம் சென்னைக் கட்டத் துணி அமெரிக்காவுக்கு ஏராளமாகச் சென்றது. துவைக்கத் துவைக்க அதன் சாயம் கசிந்து ஒரு நிறம் மற்றொன்றில் கலந்தது. அதையே ஒரு பெருமையாக்கி, சாயம் கசியும் மதறாஸ் என்று விளம்பரம் செய்து அங்கே விற்றார்கள். சட்டைக்கு அது நாகரிகமாயிருக்கலாம். போர்வைக்கு அது நாசம். அடித்துணியின் சிவப்பு வெள்ளை மேல்துணியில் ஏறினால் பிறகு யாராலும் எடுக்க முடியாது. ஆகவே கடையிலேயே ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, துணியின் மூலையில் அழுத்தித் தேயுங்கள். நிறம் ஒட்டினால் அத்துணி வேண்டாம். அடர்ந்த நீலம், சிவப்பு, கறுப்பு ஆகியவற்றில் இச்சோதனை மிக அவசியம். நெருக்கமான சிறு பூ அச்சிட்ட துணியில் தையல் சற்றே கோணினாலும் தெரியாது. புதிதாகப் பழகுகிறவர்கள் அதை வாங்குவது புத்திசாலித்தனம். ஒரே நிறத் துணி கை தேர்ந்தவர்களுக்கே.

இனி அளவு. மேல்துணியைத் தைத்து முடித்த பிறகே அடித்துணிக்கு அளவெடுக்க வேண்டும். தைக்கும் முன் போட்ட மனக்கணக்கு பெரும்பாலும் இரண்டு மூன்று அங்குலம் தவறிப்போகும். மேல்துணியைத் தரையில் விரித்து, நீளத்தையும் அகலத்தையும் ஓரத்தில் ஒரு முறையும் நடுவில் ஒரு முறையும் அளந்து, பெரிய அளவையே கொள்ளுங்கள். அதன்மேல் நான்கு புறமும் நான்கு அங்குலம் கூட்டுங்கள். அதாவது நீளத்தில் எட்டு, அகலத்தில் எட்டு. இது வீண் என்று நினைக்க வேண்டாம். நடுவிலுள்ள பஞ்சின்மேல் தையல் ஓட ஓட, ஒவ்வொரு வரியும் துணியைச் சிறிது உள்ளே இழுத்துக் கொள்ளும். ஓரத்தில் மிச்சம் இல்லாவிட்டால் கடைசி வரி தைக்கும்போது பஞ்சு வெளியே நிற்கும், துணி உள்ளே நிற்கும்.

அடுத்தது சுருக்கம். புதிய பருத்தித் துணி முதல் துவைப்பில் சுருங்கும். எவ்வளவு என்று அறிய எளிய வழி உண்டு. துணியின் நீளவாட்டில் 20 அங்குலத்துக்கு இரண்டு புள்ளி வைத்துக்கொண்டு, துவைத்து உலர்த்தி மறுபடி அளவுங்கள். ஒரு அங்குலம் குறைந்தால் நூற்றுக்கு ஐந்து சுருங்கியது என்று பொருள். எப்படியும் துவைக்காத துணியைத் தைக்கலாகாது.

பன்னா என்று ஜவுளிக்கடையில் சொல்லும் அகலத்தையும் நேரில் அளந்து பார்க்க வேண்டும். 44 அங்குலம் என்று விற்கும் துணி துவைத்து, இரு கரையோரங்களையும் நறுக்கினால் 42 அங்குலமே நிற்கும். கரையை ஏன் நறுக்க வேண்டும் என்று கேட்பார்கள். அவ்விடத்தில் பாவு நூல் நெருக்கமாயிருப்பதால், இணைப்பில் அதை விட்டு வைத்தால் துவைத்தபின் அந்தத் தையல் மட்டும் இழுத்துக் கொண்டு நிற்கும்.

ஒரு குழந்தைப் போர்வையை எடுத்துக் கொள்வோம். மேல்துணி 40 அங்குல அகலம், 60 அங்குல நீளம். அடித்துணி 48க்கு 68 வேண்டும். 42 அங்குலத் துணி ஒற்றை அகலத்தில் போதாது. இரண்டு பட்டைகளை இணைக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் வழக்கப்படி நீளவாட்டில் இணைப்பார்கள். அப்போது 68 அங்குலப் பட்டை இரண்டு, மொத்தம் 136 அங்குலம். சுருக்கமும் சேர்த்து 3 மீட்டர் 65 செண்டிமீட்டர் வாங்க வேண்டும். பட்டைகளைக் குறுக்கே போட்டுப் பாருங்கள். 48 அங்குலப் பட்டை இரண்டு போதும். இரண்டு அகலங்கள் சேர்ந்து, இணைப்புக்கு ஒரு அங்குலம் போக, 83 அங்குலம் வருகிறது, தேவை 68தான். மொத்தம் 96 அங்குலம். சுருக்கத்தோடு 2 மீட்டர் 60 செண்டிமீட்டர். ஒரு போர்வைக்கு ஒரு மீட்டருக்கு மேல் மிச்சம். ஒரு குழுவினர் இருபது குழந்தைப் போர்வை தைத்தால் 21 மீட்டர் மிஞ்சும். அத்துணியில் இன்னும் எட்டுப் போர்வைக்கு அடித்துணி கிடைக்கும். எட்டுப் போர்வைக்கான துணியைத் தெரியாமலே குப்பையில் போடும் குழு எப்படி லாபம் காணும்?

குறுக்கே போடுவதுதான் எப்போதும் சிக்கனம் என்றும் கொள்ளலாகாது. ஒற்றைக் கட்டில் போர்வை 60க்கு 90 என்றால் அடித்துணி 68க்கு 98. நீளவாட்டில் 98 அங்குலப் பட்டை இரண்டு, ஆக 196 அங்குலம். குறுக்கே போட்டால் இரண்டு பட்டை 98ஐ எட்டாது, மூன்று வேண்டும், 204 அங்குலம் ஆகிவிடும். இங்கே நீளவாட்டமே சிக்கனம். சுருக்கத்தோடு ஐந்தேகால் மீட்டர், கடைக்காரர் வெட்டு கோணலாயிருந்தால் தாங்குவதற்கு ஐந்தரை மீட்டர். இரட்டைக் கட்டிலுக்கு 90க்கு 100 என்றால் மறுபடி குறுக்கு வழியே 30 அங்குலம் மிச்சம் தரும். ஆகவே ஒவ்வொரு தடவையும் இரண்டு வழியிலும் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே கடைக்குப் போக வேண்டும்.

பழைய அளவுக் குறிப்புகளும், வெளிநாட்டு மாதிரிகளும் கஜத்தில் எழுதியிருக்கும். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தை அடுத்து நம் நாட்டில் மெட்ரிக் அளவு வந்துவிட்டது. ஆயினும் துணியின் அகலத்தை இன்றும் அங்குலத்திலேயே சொல்கிறார்கள். கஜம் 36 அங்குலம். மீட்டர் 39 அங்குலத்துக்கு மேல். ஐந்து மீட்டர் வேண்டிய இடத்தில் ஐந்து கஜம் வாங்கினால் ஏறக்குறைய 17 அங்குலம் குறையும்.

புதுத் துணிக்கு வசதியில்லாதவர்கள் வீட்டிலுள்ள பருத்திச் சேலையை எடுத்துக் கொள்ளலாம். ஐந்தரை மீட்டர்ச் சேலை 216 அங்குல நீளம். அகலம் 45 அங்குலத்துக்குக் குறையாது. அதில் 98 அங்குலப் பட்டை இரண்டு வரும். ஒற்றைக் கட்டில் போர்வைக்கு அது தாராளம். ஏற்கெனவே பல தடவை துவைத்ததாகையால் சுருக்கக் கணக்கும் இல்லை. ஆனால் உடுத்த சேலையில் கொசுவம் வைத்த இடமும் இடுப்பில் செருகிய விளிம்பும் நைந்திருக்கும். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்து, இழை பிரிகிற இடங்களை விலக்க வேண்டும். எட்டு முழ வேட்டி 144 அங்குலமாதலால் ஒரு குழந்தைப் போர்வைக்கு மேலேயே காணும். கட்டில் விரிப்பை அடித்துணியாக்க விரும்புவோர் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். 60க்கு 90 என்று வாங்கிய விரிப்பு துவைத்தபின் 57க்கு 86 ஆக நின்றால், மேல்துணி 49க்கு 78ஐ மீறலாகாது. இங்கே மட்டும் அடித்துணியை முதலில் வாங்கி, மேல்துணியை அதற்கு அடக்கித் தைப்பதே முறை.

சங்கத்தின் மூலம் சேர்ந்து வாங்குவதன் பயன் இங்கேதான் தெரிகிறது. தனித்தனியே சில்லறையாக வாங்கினால் ஒவ்வொருவரும் கால் மீட்டர், அரை மீட்டர் கூடுதலாக வாங்கி வைப்பர். முழுச் சுருளாக வாங்கி, ஒரே தடவையில் துவைத்து, சங்கத்திலேயே அளந்து கொடுத்தால் அந்தக் கழிவு இராது; நிறமும் ஒன்றாயிருக்கும். 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் ஸ்தாபனத்தில் கைத்தறித் துணி கிடைக்கும். நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே அம்மையார்குப்பம், பொதட்டூர்ப்பேட்டை முதலிய நெசவு ஊர்களும் உள்ளன. நமக்கு வேண்டிய அகலத்தைத் தறியிலேயே சொல்லி நெய்யச் செய்வது தனி ஒருவரால் ஆகாது. இருபது பேர் சேர்ந்தால் கேட்டுப் பார்க்கலாம். 1904இல், அன்றைய சென்னை மாகாணத்தின் முதல் விவசாயக் கூட்டுறவு நாணய சங்கம் நமக்கு மேற்கேயுள்ள திரூரில்தான் தோன்றியது. கூடி வாங்குவது இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று.

கடைசியாக இணைப்பு. இரண்டு பட்டைகளையும் நட்டநடுவில் சேர்த்துத் தைப்பது எளிது. ஆயினும் போர்வையை மடிக்கும் இடமும் அதுவேயாகையால் அங்கே சீக்கிரம் தேயும். ஒற்றைக் கட்டில் போர்வையில் ஒரு பட்டையை 42 அங்குல அகலத்தோடு முழுதாக நடுவில் வையுங்கள். மற்றதிலிருந்து 14 அங்குல அகலத்தில் இரண்டு பட்டைகள் கிழித்து, இரு பக்கமும் ஒவ்வொன்றாக அரை அங்குலம் உள்வாங்கி இணையுங்கள். வெட்டுவதைவிடக் கிழிப்பது நல்லது. கிழிசல் இழையோடு நேராகச் செல்லும். 42உம் 28உம் சேர்ந்து 70. இரண்டு இணைப்புக்கு 2 போக, வேண்டிய 68 சரியாக நிற்கும். இணைப்புகளைப் பிரித்து இஸ்திரி போட்டு, துணியின் உட்புறம் மேலாகத் தரையில் விறைப்பாக விரித்து, ஓரங்களை ஒட்டி நிறுத்திய பிறகு பஞ்சைப் பரப்பலாம். இரண்டாம் பட்டையில் இன்னும் 14 அங்குல அகலத்துக்கு 98 அங்குல நீளத் துணி மிஞ்சியிருக்கும். அதை எறிந்துவிடாதீர்கள். இரண்டரை அங்குலமாக நான்கு கீற்றுகள் கிழித்து ஒன்றாக இணைத்தால் 390 அங்குலத்துக்குக் குறையாது. போர்வையின் சுற்றளவு 300 அங்குலமே. விளிம்புப் பட்டிக்கு வேறு துணி வாங்க வேண்டியதில்லை.