ஒரு ஆள் சாப்பாடும் ஒரு கோடும்: 'சம்சாரம் அது மின்சாரம்' சொல்லும் குடும்பக் கணக்கு

மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறாள். சாப்பிட ஒரு ஆள் குறைவு. அதனால் அப்பாவிடம் மாதாமாதம் கொடுக்கும் பணத்தையும் குறைத்துக்கொள்ளப் பார்க்கிறான் மூத்த மகன். 1986-ல் ஏவி.எம். தயாரிப்பில் விசு எழுதி இயக்கிய 'சம்சாரம் அது மின்சாரம்' படத்தில் குடும்பம் உடைவது இந்த இடத்தில்தான்.

மகன் சிதம்பரமாக ரகுவரன்; அப்பா அம்மையப்ப முதலியாராக விசு. பேச்சு முற்றி, வீட்டின் நடுவே கோடு விழுகிறது. பெற்ற பிள்ளை கணக்குப் பார்க்கலாமா என்பது அப்பாவின் ஆத்திரம். தன் உழைப்பு மட்டும் கணக்கில்லாமல் கரைய வேண்டுமா என்பது மகனின் கேள்வி. கஞ்சத்தனம் அவன் குணம்தான். ஆனாலும் அந்தக் கேள்வியைப் பல வீடுகளில் பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

பணத்தோடு பிரச்னை நிற்கவில்லை. மகள் சரோஜினி, அப்பா பார்த்த வரனை மறுத்து, காதலித்த கிறிஸ்துவ இளைஞனைக் கைப்பிடிக்கிறாள். பிறகு புகுந்த வீட்டில் கோபித்துக்கொண்டு திரும்பி வருகிறாள். கடைசி மகனோ பரீட்சையில் தோற்றுக்கொண்டே இருக்கிறான். அவனுக்குப் பாடம் சொல்லித்தருவதிலேயே அண்ணனின் நேரமெல்லாம் போக, கணவனோடு நாலு வார்த்தை பேச முடியாத சின்ன மருமகள் பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறாள்.

சிக்கலை அவிழ்ப்பவள் மூத்த மருமகள் உமா. லட்சுமி நடித்த பாத்திரம். வேலைக்காரி கண்ணம்மாவாக வரும் மனோரமாவையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்கிறாள். சிதம்பரமும் மனம் மாறுகிறான். இனி எல்லோரும் ஒன்றாக இருப்பார்கள் என்று நினைக்கும்போது, தனிக்குடித்தனம் போவதாகச் சொல்கிறாள் உமா. ஒரு முறை விரிசல் கண்ட இடத்தில் மறுபடியும் உரசிக்கொள்வதைவிட, தள்ளி இருந்து பாசத்தோடு வந்து போவது மேல் என்பது அவள் முடிவு. குடும்பப் படம் என்றால் கடைசியில் கூட்டுக்குடும்பம் ஜெயிக்க வேண்டும் என்ற வழக்கத்தை மீறிய முடிவு அது. படம் தேசிய விருது பெற்றது. இந்தி, தெலுங்கு, கன்னடம், மலையாளம் என நான்கு மொழிகளுக்கும் போனது.

இன்று வீட்டுக் கடன் தவணை, தங்கை கல்யாணம், அப்பாவின் மருத்துவச் செலவு என்று கணக்கின் தலைப்புகள் மாறியிருக்கலாம். யார் எவ்வளவு கொடுப்பது, எதுவரை கொடுப்பது என்ற பேச்சை மட்டும் இன்னமும் சண்டை நாளுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறோம். சம்பளம் வந்த ஒரு நல்ல நாளில், சாப்பிட்டு முடித்த கையோடு அதைப் பேசிவிட்டால், வீட்டின் நடுவே கோடு போட வேண்டியிருக்காது.