தமிழ்த் திரை இரசிகர்களின் இணைய உரையாடல்

தமிழ்த் திரை இரசிகர்களின் இணைய உரையாடல் என்பது தமிழ்த் திரைப்பட நடிகர்கள், இசையமைப்பாளர்கள் ஆகியோரின் இரசிகர்கள் இணையக் குழுக்களிலும் சமூக ஊடகங்களிலும் நிகழ்த்தும் உரையாடலைக் குறிக்கும். இதில் காணப்படும் பூசலுக்கு இரசிகர்களின் இயல்பே காரணம் எனப் பரவலாகக் கருதப்படுகிறது. ஆயினும் ஒரே இரசிகர் ஒரு தளத்தில் முழக்கமிடுவதையும், மற்றொரு தளத்தில் பொறுமையாக வாதிடுவதையும் காணலாம். ஒரு தளம் எதை எண்ணிக் காட்டுகிறதோ, அந்த எண்ணைக் கூட்டும் வகையிலேயே அங்கு பேச்சு அமைகிறது.

பின்னணி

எண்ணிக்கைப் போட்டியை இணையம் தோற்றுவிக்கவில்லை. எம்.ஜி.ஆர், சிவாஜி கணேசன் காலத்திலேயே இரசிகர் மன்றங்கள் படம் ஓடிய நாட்களைக் கணக்கிட்டன. நூறாவது நாளும், 175 நாட்களைக் குறிக்கும் வெள்ளி விழாவும் வெற்றியின் அளவுகோல்களாக இருந்தன. ஆனால் அந்த எண் தெரியவர மாதங்கள் ஆயின.

1990களில் வெளிநாடுகளில் இருந்த தமிழ் மாணவர்களும் பொறியாளர்களும் யூஸ்நெட் குழுக்களில் திரையிசை பற்றி உரையாடினர். பின்னர் யாகூ குழுமங்கள் அவ்விடத்தைப் பெற்றன (இச்சேவை 2020 திசம்பரில் மூடப்பட்டது). இளையராஜா, ஏ. ஆர். ரகுமான் ஆகியோரை ஒப்பிடும் வாதங்கள் அங்கும் கடுமையாகவே நடந்தன. எனினும் மடல்கள் வந்த வரிசையிலேயே கிடைத்தன. விருப்பக் குறியோ பின்தொடர்வோர் எண்ணிக்கையோ இல்லை. ஒருவர் இரண்டு நாள் கழித்து எழுதிய மறுமொழியும் முதல் மறுமொழியைப் போன்றே வாசிக்கப்பட்டது. ஆதலால் ஒரு பாடலின் இராகத்தைப் பற்றி நீண்ட மடல் எழுதுவோருக்கு அங்கு மதிப்பு இருந்தது.

டுவிட்டரின் அமைப்பு

டுவிட்டர் 2006 இல் தொடங்கப்பட்டது (2023 சூலை முதல் இதன் பெயர் எக்ஸ்). 2017 நவம்பர் வரை ஓர் இடுகையின் எல்லை 140 குறிகளாக இருந்தது. தமிழில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, "விஸ்வாசம்" என்னும் ஐந்தெழுத்துச் சொல் ஒன்பது இடங்களைக் கொள்கிறது. எனவே தமிழில் எழுதுபவருக்கு ஏறத்தாழ ஒரு நீண்ட வாக்கியமே கிடைத்தது. ஒரு கூற்றையும் அதற்கான சான்றையும் சேர்த்துச் சொல்ல அது போதாது.

எல்லை 280 ஆக உயர்ந்த பின்னரும் பேச்சு நீளவில்லை. அதற்குக் காரணம், 'டிரெண்டிங்' எனப்படும் பரபரப்புப் பட்டியல் ஆகும். இப்பட்டியல் ஒரு சொல் மொத்தம் எத்தனை முறை எழுதப்பட்டது என்பதை விட, அது எவ்வளவு திடீரென உயர்கிறது என்பதையே முதன்மையாகக் கருதுகிறது. இதனை இரசிகர்கள் விரைவில் கண்டுகொண்டனர். பிறந்தநாளுக்கான ஹேஷ்டேக்கை முன்கூட்டியே வெளியிடாமல் மறைத்து வைத்து, குறித்த நேரத்தில் அறிவித்து, அனைவரும் ஒரே வேளையில் எழுதும் வழக்கம் இவ்வாறு உருவானது. இம்முறையில் ஒருவர் என்ன எழுதுகிறார் என்பது பொருட்டன்று; ஒரே தொடரை வெட்டி ஒட்டினாலும் எண்ணிக்கை உயரும். கல்வராயன் மலையின் பல சிற்றூர்களைப் போல அலைபேசி இணைப்பு சீராகக் கிடைக்காத இடங்களில் உள்ள இரசிகருக்கு இதில் இடமில்லை. அவர் படத்தைப் பற்றி எவ்வளவு நன்றாக எழுதினாலும், அந்த ஒரு மணி நேரம் கடந்தபின் அது கணக்கில் வராது.

அஜித் குமார் தம் இரசிகர் மன்றங்களை 2011 இல் கலைத்தார். தலைமை மன்றம் இல்லாத அவருடைய இரசிகர்களுக்கு இணையமே முதன்மைக் களமாயிற்று எனலாம். 2017 இல் விஜய் நடித்த மெர்சல், டுவிட்டரில் தனி இமோஜி பெற்ற முதல் தென்னிந்தியப் படமானது. 2019 ஆகத்தில் டுவிட்டர் இந்தியா வெளியிட்ட பட்டியலில், அவ்வாண்டின் முற்பாதியில் மக்களவைத் தேர்தலுக்கான ஹேஷ்டேக்கையும் விஸ்வாசம் முந்தியிருந்தது. இந்தியா முழுவதற்குமான தேர்தலை ஒரு தமிழ்ப் படம் முந்தியதிலிருந்தே அப்பட்டியல் எதை அளக்கிறது என்பதை உணரலாம்.

இதன் மறுபக்கம் 2019 சூலை இறுதியில் வெளிப்பட்டது. உயிருடன் இருக்கும் விஜய்க்கு இரங்கல் கூறும் ஹேஷ்டேக் இந்திய அளவில் பட்டியலேறியது. அதைக் கண்டித்து எழுதியவர்களும் அதே குறியைப் பயன்படுத்தினால், அவர்களின் எதிர்ப்பும் அதன் எண்ணிக்கையையே கூட்டும். ஏசுவதையும் கண்டிப்பதையும் பிரித்தறிய அப்பட்டியலில் வழி இல்லை. விஜய் இரசிகர்கள் அவர் நீடு வாழ வாழ்த்தும் மற்றொரு குறியை உருவாக்கியே பதிலளிக்க வேண்டியிருந்தது.

கள்ளக்குறிச்சி, 2024

2024 சூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் அருந்தி 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வாண்டு பிப்ரவரியில் தமிழக வெற்றிக் கழகத்தைத் தொடங்கியிருந்த விஜய், சூன் 20 அன்று கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனையில் பாதிக்கப்பட்டோரைச் சந்தித்தார். சூன் 22 அவருடைய 50ஆவது பிறந்தநாள். கொண்டாட்டங்களைத் தவிர்த்துப் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுமாறு இரசிகர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். எனினும் அதே நாளில் அவர் நடித்த படத்தின் பாடல் வெளியானது. தெருவில் பதாகை கட்டாமல் இருப்பதற்கு ஒரு வேண்டுகோள் போதும். இணையத்திலோ வாழ்த்தும் பாடலும் இரங்கலும் விரைவு என்னும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டன. அன்று அமைதி காத்த இரசிகரை அந்த அமைப்பு எங்கும் பதிவு செய்யவில்லை.

பிற தளங்கள்

யூடியூப்பில் முன்னோட்டங்களுக்குக் கிடைக்கும் விருப்பக் குறிகளே போட்டிப் பொருளாயின. எதிர்த்தரப்பினர் படத்தைப் பார்க்காமலேயே வெறுப்புக் குறியிடும் வழக்கமும் இருந்தது. 2021 நவம்பரில் அவ்வெண்ணிக்கையைப் பொதுப் பார்வையிலிருந்து யூடியூப் நீக்கியபின் இவ்வழக்கம் பொருளிழந்தது. எக்ஸ் தளம் 2023 முதல், கட்டணம் செலுத்தும் பயனர்களுக்கு அவர்களின் இடுகைகள் ஈட்டும் கவனத்துக்கேற்ப விளம்பர வருவாயில் பங்களிப்பதால், பிற நடிகரை இகழ்ந்து மறுமொழிகளைத் தூண்டுவது சிலருக்கு வருமானமாகவும் ஆகியுள்ளது.

வாட்சப் குழுக்களில் இத்தகைய பொது எண்ணிக்கை இல்லை. மாவட்ட, ஒன்றிய அளவிலான இரசிகர் குழுக்களில் சிறப்புக் காட்சிக்கான நுழைவுச்சீட்டு, குருதிக்கொடை, உறுப்பினர் வீட்டுத் திருமணம் போன்றவையே பெரிதும் பேசப்படுகின்றன. அன்று மாலை எத்தனை மணிக்கு எந்த ஹேஷ்டேக்கை எழுத வேண்டும் என்ற அறிவிப்பும் அங்கேதான் வருகிறது.