துணியில் பிறந்த உயிர்கள் – 9: ஊசி தாங்கிய யானை

சிவப்புக் குதிகால் வைத்த காலுறையிலிருந்து குரங்கு பிறந்த வரலாற்றைச் சென்ற இதழோடு முடித்துக்கொண்டோம். தவறவிட்டவர்கள் அவ்விதழைத் தேடிப் படித்துக்கொள்வார்களாக. இவ்வாரம் கரடிப் பொம்மையின் கைகால்கள் உடலோடு எவ்விதம் பிணைக்கப்பட்டுச் சுழல்கின்றன என்பதை விளக்குவதாக வாக்களித்திருந்தேன். ஆனால் அந்தக் கரடி பிறந்த வீட்டின் வாசலில் அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் முன்னமே ஒரு சிறு யானை வந்து நின்றுவிட்டது என்பதையும், அந்த யானை ஒரு பத்திரிகையின் மாதிரித் தாளிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது என்பதையும் அறிந்த பிறகு, அதைக் கடந்து கரடியிடம் செல்ல என் மனம் ஒப்பவில்லை.

அந்தப் பத்திரிகையின் பெயர் ‘டி மோடன்வெல்ட்’. ஃபிரான்ஸ் லிப்பர்ஹைடே என்பவரும் அவருடைய மனைவி ஃபிரீடாவும் 1865இல் பெர்லின் நகரத்தில் தொடங்கிய பெண்கள் பத்திரிகை அது. உடை, தையல், பூவேலை ஆகியவற்றையே பிரதான விஷயமாகக் கொண்டு நடந்து, காலக்கிரமத்தில் பத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பிய மொழிகளில் வெளிவரும் அளவுக்குச் செல்வாக்குப் பெற்றது. அம்மையார் பூவேலையில் மிகுந்த பாண்டித்தியம் உடையவர். கணவரோ உலகத்து உடைகளைப் பற்றிய நூல்களையும் சித்திரங்களையும் ஆயுள் முழுவதும் சேகரித்தவர். அந்தச் சேகரம் இன்றும் பெர்லினில் ஒரு பொது நூலகமாக விளங்குகிறது.

இவ்விதப் பத்திரிகைகளுக்கு உயிர்நாடியாக இருந்தது அவற்றோடு மடித்து இணைக்கப்பட்ட மாதிரித் தாள். அக்காலத்தில் காகிதத்துக்கும் அச்சுக்கும் ஆகும் செலவைக் குறைக்கும் பொருட்டு, ஒரு ரவிக்கையின் முன்பாகம், ஒரு குழந்தைச் சட்டையின் கை, ஒரு தொப்பியின் மடல், ஒரு பாவாடையின் இடுப்புப்பட்டி என்று எத்தனையோ வெட்டுகளை ஒரே பரப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டுவிடுவார்கள். ஒரு வெட்டுக்கு முழுக் கோடு, இன்னொன்றுக்குப் புள்ளிக் கோடு, மற்றொன்றுக்குக் கோடும் புள்ளியும் மாறி மாறி என அடையாளங்கள் மட்டும் வேறுபடும். முதன்முறை பார்ப்பவருக்குப் பத்து வீட்டுக் கோலங்களை ஒரே வாசலில் இட்டதுபோலத் தோன்றும் அத்தாளைத் தையல் பழகிய பெண்கள் தடுமாற்றமின்றி வாசித்தார்கள். தமக்கு வேண்டிய கோட்டின்மேல் பற்சக்கரத்தை உருட்டி அடியிலுள்ள காகிதத்தில் அதன் தடத்தைப் பதித்துக்கொண்டு, மற்றக் கோடுகளை அடுத்த தேவைக்கு விட்டுவைத்தார்கள். இந்த ஒரு தாளைப் பற்றியே ஒரு முழு இதழை நிரப்ப எனக்கு விருப்பம் உண்டு. ஏனெனில், பள்ளிக்கூடம் போகாமலே வீட்டுக்குள் வந்து சேர்ந்த வடிவக் கணித பாடம் அது.

1879ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், கிறிஸ்துமஸ் பண்டிகையை ஒட்டி, அப்பத்திரிகையில் துணியால் ஆன ஒரு யானைக்கு மாதிரி வெளியாயிற்று. தென் ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் ராஜ்யத்தில், பிரென்ஸ் நதியின் கரையிலுள்ள கீங்கன் என்னும் சிற்றூரில், சக்கர நாற்காலியில் அமர்ந்து தையல் தொழில் நடத்திவந்த முப்பத்திரண்டு வயதுப் பெண் ஒருவர் அதைக் கண்டார். அவரே மார்கரெட்டே ஸ்டைஃப் அம்மையார்.

1847இல் பிறந்த அவரை ஒன்றரை வயதில் இளம்பிள்ளைவாதம் தாக்கிற்று. கால்கள் இரண்டும் செயலிழந்தன. வலக்கையும் வலியின்றி உயர்த்தக்கூடிய நிலையில் இல்லை. வைத்தியத்தின் பொருட்டு லூட்விக்ஸ்பர்க் நகரத்துக்கும் வில்ட்பாட் வெந்நீர் ஊற்றுகளுக்கும் அனுப்பப்பட்டும் பலன் கிட்டவில்லை. ஊர்ப் பிள்ளைகள் கைவண்டியில் வைத்து இழுத்துச்செல்லப் பள்ளிக்குச் சென்ற அச்சிறுமி, தையற் பள்ளியிலும் சேர்ந்து, இயல்பாகவே தடுமாறும் கையைக் கொண்டு பிடிவாதமாகப் பழகிப் பதினேழு வயதில் அப்படிப்பை நிறைவு செய்தார். பிற்பாடு அவரும் அவர் சகோதரிகளும் ஒரு தையல் இயந்திரம் வாங்கினார்கள். கீங்கனுக்கு வந்த முதல் இயந்திரம் அதுவே என்று சொல்வதுண்டு. கையால் சுழற்றும் சக்கரம் இயந்திரத்தின் வலப்பக்கத்தில் இருப்பதும், அவருடைய வலக்கை அதைச் சுழற்ற மாட்டாது என்பதும் ஒன்றுக்கொன்று பொருந்தாத விஷயங்கள் அல்லவா? அம்மையார் இயந்திரத்தையே பின்முன்னாகத் திருப்பி வைத்து, சக்கரம் இடக்கைப் பக்கம் வரும்படி செய்துகொண்டு தைத்தார். வீட்டுக் கைத்தொழிலில் ஈடுபட்ட ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இது என்பது என் திடமான அபிப்பிராயம்.

1877இல் அவர் சொந்தமாகக் கடை வைத்தபோது அவருடைய சரக்கு ஃபெல்ட் துணியால் ஆன உட்பாவாடைகளும் குழந்தைகளுக்கான மேலங்கிகளுமாகவே இருந்தது. அவ்வூரிலேயே உறவினரான ஹேன்லே என்பவர் ஃபெல்ட் ஆலை நடத்திவந்தது அதற்கு அனுகூலமாயிற்று. இந்த ஃபெல்ட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் யானையைத் தைக்க முடியாது. ஆட்டு ரோமத்தின் ஒவ்வோர் இழையின் மேலும் நுண்ணிய செதில்கள் உண்டு. ஈரமும் வெப்பமும் அழுத்தமும் ஒருங்கே சேர்ந்து அதைப் பிசையும்போது அச்செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, பிறகு பிரிக்க இயலாத ஒரே தகடாக இறுகிவிடுகின்றன. நெசவுத் துணியில் இருப்பதுபோன்ற பாவு, ஊடை என்ற இழைகளே இதில் இல்லை. ஆதலால் எங்கே வெட்டினாலும் ஓரம் பிரிவதில்லை. ஓரத்தை உள்ளே மடித்துத் தைக்கவேண்டிய அவசியமும் இல்லை. இரண்டு விளிம்புகளை நேருக்கு நேர் வைத்து வெளிப்புறமாகவே கம்பளித் தையல் போட்டுவிடலாம். விரல்கூட நுழையாத தும்பிக்கையை உட்புறம் தைத்து வெளியே திருப்ப முயன்று தோற்ற சகோதரிகளுக்கு இந்தச் சலுகையின் அருமை தெரியும்.

இனி யானைக்கு வருவோம். முதன்முதலில் தைப்பவருக்கு யானையைவிட உகந்த மிருகம் வேறில்லை. மானின் காலையோ குதிரையின் காலையோ துணியில் அமைத்தால் பஞ்சு உள்ளே இறங்காது. இறங்கினாலும் மெலிந்த அக்கால் உடலின் பாரத்தைத் தாங்காமல் துவளும். யானைக்கோ நான்கு தூண்கள். அவற்றின் அடியில் வட்டமாக ஒரு பாதத் துண்டை வைத்துத் தைத்துவிட்டால் தரையில் படிந்து நிற்கும். கழுத்து என்று தனியாக ஒன்று இல்லாதபடியால் தலை சாய்ந்துவிடுமோ என்ற கவலையும் இல்லை. காதுகள் இரண்டும் தனித் துண்டுகள்; பக்கத் தையலில் ஏதேனும் பிசகு நேர்ந்தாலும் அதை மறைப்பதற்கென்றே அமைந்தவைபோல் அகன்று தொங்குகின்றன.

ஆயினும் யானையை நிற்கவைப்பது காலின் பருமன் மட்டும் அன்று. இரண்டு பக்கவாட்டுத் துண்டுகளை மட்டும் வெட்டி ஓரம் இணைத்துப் பஞ்சு அடைத்தால், முன்னும் பின்னுமாக ஒவ்வொரு கால் மட்டுமே உடைய தட்டையான தலையணைதான் கிடைக்கும். அதற்கு நான்கு கால்களை அளிப்பது வயிற்றுத் துண்டு. பக்கவாட்டுத் துண்டின் கீழ்ப்பாதியை, கால்களோடும் வயிற்று வளைவோடும், அப்படியே நகலெடுத்து, இடமும் வலமுமாக இரண்டு வெட்டி நடுவில் இணைத்தால் அதுவே வயிற்றுத் துண்டு. வெளிக்கால் பக்கவாட்டுத் துண்டிலிருந்தும் உட்கால் இந்தத் துண்டிலிருந்தும் வந்து சேர்ந்து ஒரு குழாயாகின்றன. இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்த நடுத்தையலை நேர்கோடாகவே விட்டுவிட்டால் கால்கள் நான்கும் பக்கங்களில் பரந்து, யானை பனிக்கட்டியில் வழுக்கியது போன்ற தோற்றத்தோடு வயிறு தரையில் பட நிற்கும். நடுக்கோட்டை உட்புறமாகச் சிறிது வளைத்து வெட்டி, வயிற்றின் மத்தியில் அகலத்தைக் குறைத்துத் தைத்தால், கால்கள் உள்ளுக்கு இழுக்கப்பட்டு உடலுக்கு நேர்கீழே வந்து நிற்கின்றன. அரை விரற்கடை அகல வித்தியாசம்தான். அதுவே தலையணையையும் மிருகத்தையும் வேறுபடுத்துகிறது. துணி மிருகம் செய்வதில் ஒரே ஒரு வித்தையை மட்டும் கற்றுக்கொடுக்க எனக்கு அனுமதி உண்டென்றால், கண் வைப்பதையோ மீசை வைப்பதையோ விட்டுவிட்டு, இந்த வளைவையே கற்றுக்கொடுப்பேன்.

அடைப்பதற்குரிய திறப்பை இந்த நடுத்தையலிலேயே விட்டுவைக்க வேண்டும். தும்பிக்கை நுனி முதலில், பிறகு பாதங்கள், பிறகு தலை, கடைசியில் வயிறு என்று தூரத்திலுள்ளதிலிருந்து வாயை நோக்கி, சிறு சிறு பிடியாக, முனை மழுங்கிய குச்சியால் தள்ளி நிரப்புவது முறை. ஒரே பெரிய உருண்டையாகத் திணித்தால் உள்ளே முடிச்சுகள் விழுந்து மேனி மேடும் பள்ளமுமாகும். இன்று கடைகளில் ஃபெல்ட் என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் செயற்கை இழையே. அதுவும் இவ்வேலைக்குப் போதும். பழைய கம்பளி ஸ்வெட்டர் கைவசம் இருந்தால் வெந்நீரில் சோப்புப் போட்டுக் கசக்கிச் சுருங்கச் செய்து, உலர்த்தி வெட்டினால், ஏறக்குறைய அசல் ஃபெல்ட்டே கிடைக்கும்.

அம்மையார் 1880இல் அந்த யானையைத் தைத்தது விளையாட்டுக்காக அன்று. உறவுப் பெண்களுக்குப் பரிசளிப்பதற்காகக் குண்டூசி குத்திவைக்கும் திண்டாகவே தைத்தார். அக்காலத்து ஐரோப்பியத் தையற்கூடைகளில் இத்திண்டுக்கு உயர்ந்த ஸ்தானம் இருந்தது. ஆட்டு ரோமத்தை உள்ளே அடைப்பதற்குக் காரணமும் உண்டு. ரோமத்தில் இயற்கையாக உள்ள எண்ணெய்ப் பசை ஊசியைத் துருப்பிடிக்கவிடாது. தக்காளிப் பழம்போல் அமைந்த திண்டுகளில் ஒரு சிறு ஸ்டிராபெர்ரி நூலில் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள்; பலரும் அலங்காரம் என்றே எண்ணியிருக்கும் அந்தப் பழத்துக்குள் இருப்பது குருந்தக்கல் பொடி. மழுங்கிய ஊசியை அதற்குள் நாலுமுறை குத்தி எடுத்தால் கூர் திரும்புகிறது. பாட்டிமார் காலத்துத் திண்டு வீட்டில் இருந்தால் அதைக் குப்பையில் எறியாதீர்கள்.

பரிசு பெற்ற பெண்கள் ஊசியைக் குத்துவதற்கு முன்னமே அவ்வீட்டுக் குழந்தைகள் யானையைக் கவர்ந்துகொண்டார்கள். மரத்தாலும் தகரத்தாலும் பீங்கான் தலையாலும் ஆன பொம்மைகளையே கண்டிருந்த கைகளுக்கு, கட்டியணைத்தால் குத்தாததும் கீழே விழுந்தால் உடையாததுமான ஒரு மிருகம் எத்தகைய புதுமையாக இருந்திருக்கும்! அம்மையாரின் சகோதரர் ஃபிரிட்ஸ், ஒரு மூட்டை யானைகளை ஹைடன்ஹைம் சந்தைக்குக் கொண்டுபோய் ஒன்று பாக்கியில்லாமல் விற்றுத் திரும்பினார் என்பது அக்குடும்பத்தில் வழங்கும் செய்தி. 1886ஆம் ஆண்டுக்குள் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட யானைகள் விற்பனையாகிவிட்டன. குரங்கும் கழுதையும் குதிரையும் ஒட்டகமும் பன்றியும் பூனையும் யானையைத் தொடர்ந்து வந்தன; 1892இல் படங்களோடு விலைப்பட்டியல் அச்சாயிற்று; அடுத்த ஆண்டு ஃபெல்ட் விளையாட்டுப் பொருள் தொழிற்சாலை என்ற பெயரில் அந்நிறுவனம் பதிவு பெற்றது. அம்மையார் தாம் தைத்த மாதிரிகளைத் தாமே ஆராய்ந்து பார்த்த பிறகே மற்றவர்கள் தைக்க அனுமதித்தார். 1909இல் அவர் மறைந்தபோது கீங்கன் உலகமெங்கும் அறிந்த ஊராகியிருந்தது.

இதற்கிடையில், ஸ்டுட்கார்ட் நகரத்தில் கலைத்தொழில் பயின்று, அங்குள்ள மிருகக்காட்சி சாலையில் கரடிகளைச் சித்திரமாக வரைந்துகொண்டிருந்த ரிச்சர்ட் என்னும் இளைஞர், அதே ஃபிரிட்ஸின் மகன், 1897இல் அத்தையின் தொழிலில் வந்து சேர்ந்தார். 1902இல் அவர் அமைத்த கரடியும், அதன் தோளிலும் தொடையிலும் உள்ள மூட்டும், 1903 லைப்ஸிக் சந்தையில் ஓர் அமெரிக்க வியாபாரி மூவாயிரம் கரடிகளுக்கு உத்தரவு கொடுத்த வரலாறும், அதே சமயத்தில் புரூக்ளினில் மிட்டாய்க்கடை வைத்திருந்த தம்பதிகள் தாமாகவே ஒரு கரடியைத் தைத்து ஜனாதிபதியின் செல்லப்பெயரை அதற்குச் சூட்டிய வரலாறும் அடுத்த இதழுக்குரியவை. அந்த மூட்டை விளக்கச் சித்திரம் இன்றியமையாதது. அதற்கும் அவகாசம் வேண்டியிருக்கிறது.

இந்த வாரம் என் மனத்தை விட்டு அகலாதது வேறொன்று. ஸ்டைஃப் அம்மையாரின் பெயரை உலகம் அறியும். லிப்பர்ஹைடே தம்பதிகளின் பெயரையும் அறிஞர்கள் அறிவார்கள். டிசம்பர் மாதத்து இதழுக்காக உட்கார்ந்து, யானையின் முதுகு வளைவை எங்கே ஏற்றி எங்கே இறக்குவது என்று யோசித்துக் காகிதத்தில் முதன்முதல் வரைந்த கையின் பெயரை, நான் படித்த எந்த வரலாறும் சொல்லவில்லை. மகத்தான ஒரு தொழில் அந்தக் கோட்டிலிருந்து வளர்ந்தது. நம் வீடுகளிலும் அத்தகைய கோடுகள் இருக்கின்றன. பழைய நாட்காட்டி அட்டையில் வெட்டிய கிளி, செய்தித்தாளில் வெட்டிய முயல், சோப்புப் பெட்டியின் அட்டையில் வெட்டிய வாத்து என்று தையல் இயந்திரத்தின் இழுப்பறையிலும் பழைய டப்பாவிலும் கிடக்கும் வெட்டுகளை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றின் மேலும் அது என்ன மிருகம், எந்தத் துண்டு, எத்தனை வெட்ட வேண்டும், தையலுக்கு ஓரம் விட்டிருக்கிறதா இல்லையா என்பவற்றையும், அதை வரைந்தவர் பெயரையும், தெரிந்தால் ஆண்டையும், மையால் எழுதி வையுங்கள். வரைந்தவர் உங்கள் வீட்டிலேயே இருப்பவரானால் அவரையே கையெழுத்திடச் சொல்லுங்கள். இந்த வாரமே செய்யுங்கள்.