பலகையில் ஏறி ஆபீஸுக்குப் போகலாமா?

காலை ஒன்பது மணி. பஸ் ஸ்டாப்பில் நிற்கிறீர்கள். வருகிற பஸ்ஸில் ஃபுட்போர்டே தெரியவில்லை. வெறும் கால்கள்தான் தெரிகின்றன. ஷேர் ஆட்டோவில் டிரைவருக்கே அரை ஸீட். அந்தச் சமயம் பார்த்து ஓர் இளைஞன் கையைக் காலை ஆட்டாமல், ஒரு பலகை மேல் நின்றபடி ‘சர்ர்’ரென்று உங்களைக் கடந்து போனால் எப்படி இருக்கும்?

வயிறு எரியும்!

அந்தப் பலகையின் பெயர் எலெக்ட்ரிக் ஸ்கேட்போர்டு. சின்னப் பையன்கள் சறுக்கி விளையாடுகிற அதே நான்கு சக்கரப் பலகைதான். அடியில் பேட்டரி, சக்கரத்தில் மோட்டார், கையில் ரிமோட். ரிமோட்டை முன்னே தள்ளினால் ஓடும், பின்னே இழுத்தால் நிற்கும் (என்று சொல்லி விற்கிறார்கள்).

‘மேலநீலிதநல்லூரில் உட்கார்ந்துகொண்டு உனக்கு ஏனய்யா இந்தக் கவலை?’ என்று கேட்பீர்கள். கவலை போனில் வந்தது. சென்னையில் வேலை பார்க்கும் அக்கா மகன்.

“மாமா, ரூம்லேருந்து மெட்ரோ ஸ்டேஷன் ரெண்டு கிலோமீட்டர். தினம் ஆட்டோவுக்கு அழுது முடியல. இ.எம்.ஐ.ல ஒரு ஸ்கேட்போர்டு வாங்கிரலாம்னு பாக்கேன்.”

“எங்க உக்காருவ?”

“உக்கார முடியாது மாமா. நின்னுக்கிட்டே போகணும்.”

“எதைப் பிடிச்சிக்கிட்டு?”

“ஒண்ணும் பிடிக்க வேண்டாம் மாமா.”

“உங்க அம்மைகிட்ட சொல்லிட்டியால?”

மறுமுனையில் மௌனம்.

பி.காம். படித்தவனிடம் யோசனை கேட்டால் என்ன செய்வான்? நடுவில் ஒரு கோடு போட்டு வரவு, பற்று எழுதுவான். எழுதினேன்.

முதலில் வரவு. எடை ஏழெட்டுக் கிலோ. கையில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறலாம். பார்க்கிங் டோக்கன் வேண்டாம், மேஜைக்கு அடியிலேயே நிறுத்தலாம். சாதாரணப் பலகையின் பேட்டரி 250 வாட்-ஹவர் என்று வையுங்கள். முழு சார்ஜுக்குக் கால் யூனிட் கரன்ட்தான். அதில் பதினைந்து கிலோமீட்டர் போய்விடலாம். பெட்ரோல் பங்க் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம். அக்கா மகன் அசடல்ல!

இனி பற்று. முதல் எதிரி, சக்கரம். சைக்கிள் சக்கரம் இரண்டேகால் அடி உயரம். ஸ்கூட்டர் சக்கரம் அதைவிடச் சின்னது என்றாலும் பள்ளத்தில் இறங்கி ஏறிவிடும். ஸ்கேட்போர்டு சக்கரமோ எட்டு முதல் பத்து சென்டிமீட்டர். உள்ளங்கையில் வைத்து மூடலாம். அதற்கு ஒரு ஜல்லிக் கல்லே மலை. கல்லில் மோதினால் பலகை நின்றுவிடும். நீங்கள் நிற்க மாட்டீர்கள். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் பயணம் தனியாகத் தொடரும். ஸ்கூட்டரிலாவது பிடிக்க ஹேண்டில்பார் உண்டு. இங்கே பிடிப்பதற்குக் கடவுளை விட்டால் வேறு கதியில்லை.

எங்கள் ஊரிலிருந்து சங்கரன்கோவிலுக்கு இதில் ஒரு கற்பனைப் பயணம் போய்ப் பாருங்கள். அறுவடை முடிந்த நாட்களில் உளுந்தும் சோளமும் தார் ரோட்டில்தான் காயும். லாரி ஏறினால் உளுந்து உடையும். பலகை ஏறினால் நீங்கள் உடைவீர்கள். ஆடி மாதமோ கேட்கவே வேண்டாம். அம்மியே பறக்கிற காற்றில் பலகை மேல் நிற்கிறவன் எம்மாத்திரம்?

‘அது பட்டிக்காடய்யா, சென்னை வழவழவென்று இருக்கும்’ என்பீர்கள். இருக்கும், கேபிளுக்கும் குழாய்க்கும் தோண்டாத வாரங்களில்! ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் தண்ணீர் நின்றால் பள்ளமும் தெரியாது, பேட்டரிக்கும் ஆகாது.

பேட்டரி என்றதும் இன்னொன்று. ஸ்கேட்போர்டின் சித்தப்பா மகன் மாதிரி ஹோவர்போர்டு என்று ஒன்று வந்ததே, ஞாபகமிருக்கிறதா? பேட்டரி சூடாகித் தீப்பிடிக்கிறது என்று 2016 ஜூலையில் அமெரிக்காவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைத் திரும்பப் பெற்றார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷனில் நாலு பேர் படுக்கும் ரூமில், வாசற்படி ஓரமாக ராத்திரி முழுக்க மட்டமான சார்ஜரில் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

அடுத்தது சட்டம். மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவு, வேகம் 25 கிலோமீட்டருக்குக் குறைவு என்று சான்று பெற்ற சிறிய பேட்டரி ஸ்கூட்டர்களுக்கு நம் நாட்டில் லைசென்ஸும் வேண்டாம், பதிவும் வேண்டாம். கடையில் கண்ணைப் பறிக்கும் பலகைகள் பலவும் இந்த இரண்டு கோட்டையும் சர்வசாதாரணமாகத் தாண்டுகின்றன. சரி, பதிவு செய்துவிடலாம் என்று ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனால், நம்பர் பிளேட்டை எங்கே மாட்டுவது? உங்கள் நெற்றியிலா?

சிரித்துவிட்டு அடுத்த வரியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பதிவு இல்லை என்றால் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸும் இல்லை. பூக்கூடையோடு ரோட்டைக் கடக்கிற ஒரு பாட்டியின் மேல் நீங்கள் மோதி, அவர் இடுப்பெலும்பு முறிந்தால், ஆஸ்பத்திரிச் செலவு யார் தலையில்? உங்கள் பி.எஃப். தலையில். அந்தப் பாட்டியின் பிழைப்புக்கு யார் பதில்? என் ஐந்தொகையில் இந்த ஓர் அயிட்டத்தை ஈடுகட்ட எதிர்ப்பக்கம் எதுவுமே இல்லை.

‘ரோட்டில்தானே பிரச்னை? பிளாட்பாரத்தில் ஓட்டினால்?’ அதையும் ஓர் ஊர் பரிசோதித்துப் பார்த்துவிட்டது. நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிற சிங்கப்பூர்தான். அங்கே நடைபாதை கண்ணாடி. குண்டு குழி கிடையாது. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் பிளாட்பாரத்தில் ஏகமாக ஓடின. நடக்கிறவர்கள் அடிபட்டார்கள். 2019 நவம்பர் 5-ம் தேதி முதல் பிளாட்பாரத்தில் அவற்றுக்குத் தடை. மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை. 2020-ல் ஹோவர்போர்டு போன்ற மற்ற மோட்டார் சாதனங்களுக்கும் தடை நீண்டது. பாதை வழவழப்பாக இருந்தால் மட்டும் போதாது, அது யாருக்குச் சொந்தம் என்பதும் முக்கியம் என்று அந்த ஊர் கற்றுக்கொண்ட பாடம் அது.

அனுமதிக்கிற இடமும் இல்லாமல் இல்லை. கலிபோர்னியாவில் 2016 முதல் இந்தப் பலகைக்கென்றே சட்டம் இருக்கிறது. பதினாறு வயது நிரம்ப வேண்டும், ஹெல்மெட் கட்டாயம், வேகம் 15 மைலைத் தாண்டக்கூடாது. அதாவது முதலில் இடம் ஒதுக்கினார்கள், அப்புறம் பலகையை விட்டார்கள். நாம் பலகையை இறக்குமதி செய்கிறோம். இடத்தை இறக்குமதி செய்ய முடியவில்லை!

ஆக, தீர்ப்பு என்ன? காம்பவுண்டுக்குள்ளேயே நல்ல ரோடு போட்ட பெரிய கல்லூரி வளாகம், ஃபாக்டரி, கேட்டட் காலனி... இங்கெல்லாம் நிர்வாகம் சம்மதித்தால், ஹெல்மெட், முழங்கால் கவசத்தோடு தாராளமாக ஓட்டுங்கள். தினசரி ஆபீஸ் பயணத்துக்கு? இப்போதைக்கு வேண்டாம்.

அக்கா மகனுக்கு எழுதி அனுப்பிய கணக்கு இதுதான்: இரண்டு கிலோமீட்டர் நடக்க இருபத்தைந்து நிமிஷம், சைக்கிளில் பத்து நிமிஷம். நல்ல பலகை ஒன்றின் விலைக்கு மூன்று நான்கு சைக்கிள் வாங்கலாம். ஒன்றை வாங்கு, மீதியை பேங்கில் போடு. ‘சைக்கிள்ல போனா ஆபீஸ்ல சிரிப்பாங்க மாமா’ என்று பதில் வந்தது. சிரிக்கட்டும். கட்டுப்போட்ட காலோடு போனால் பரிதாபப்படுவார்கள். அதைவிட இது தேவலை.

ஒன்று மட்டும் நிஜம். வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் இருக்கிற அந்த இரண்டு கிலோமீட்டர்தான் நம் சம்பளத்தையும் நேரத்தையும் தின்கிறது. அதற்கு மருந்து புது மெஷின் இல்லை. நடக்கிறவனுக்கு உடையாத ஒரு நடைபாதை, சைக்கிளுக்கு ஒரு தனிப் பாதை, நேரத்துக்கு வருகிற ஒரு மினி பஸ். இந்த மூன்றும் வரட்டும். பலகை தானாக வரும்.

அதுவரை நம்பி ஏறக்கூடிய ஒரே பலகை, வீட்டில் சாப்பிட உட்காரும் மணைப் பலகைதான். சார்ஜ் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம்... பிரேக்கும் வேண்டாம்!